அந்த வழியும் காடுதான்

“செடி கம்மியா இருக்கிற எடத்துக்குப் போய்ப் புடுங்குறீங்க. நாங்க நடக்கிற வழியில நெறய இருக்குன்னு அதை விட்டுடுறீங்க. இது என்ன கணக்கு தம்பி?”

முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிப் பக்கம், காட்டை மூடிப் பரவும் அயல்நாட்டு முட்புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) எடுக்க வந்த பெண்களில் மூத்தவர் அந்த அக்கா. எந்தப் பகுதியை முதலில் எடுப்பது என்று பட்டியல் போட்டவன் நான். நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனால் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கணக்கு இதுதான். உண்ணி இப்போதுதான் கால் வைத்திருக்கும் இடத்தில் புல்லும் நாட்டு மரக்கன்றுகளும் மிச்சம் இருக்கும். அங்கே கொஞ்சம் ஆள் பலத்தில் பெரிய பரப்பைச் சுத்தம் செய்யலாம், எடுத்த இடத்தில் புல் தானே எழும்பி வரும். ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்துவிட்ட இடத்தில் அடியில் ஒன்றும் இருக்காது. எடுத்தால் வெறும் மண். அடுத்த மழைக்கு மண்ணில் கிடந்த உண்ணி விதையெல்லாம் முளைக்கும், கூடவே பார்த்தீனியம் என்ற களையும் வந்து உட்காரும். வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பிடுங்க வேண்டும். நடுவில் நிதி நின்றால் முதலில் போட்ட பணமும் வீண். இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் உண்ணி பரவியிருப்பதாக 2020இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அத்தனையையும் எடுக்க யாராலும் முடியாது. காப்பாற்ற முடிகிற இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “உள்ள இன்னும் புல்லு இருக்கு அக்கா, அது போயிடக் கூடாது” என்றேன்.

அவர் வேலையை நிறுத்தவில்லை. தூரைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் ஆணிவேரில் கொத்தால் ஒரே வெட்டு. புதரை அப்படியே புரட்டி, வேர் மேலே இருக்கும்படி போட்டார். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் வகுத்த முறை இது. தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிடும், வேர் மண்ணில் பட்டபடி கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அக்காவின் முழங்கை வரைக்கும் முள் கிழித்த கோடுகள்.

“உள்ள இருக்கிற புல்லு மானுக்கு. சரி, அது வேணும்தான். இந்த வழியில ஆனை நின்னா கிட்ட போற வரைக்கும் தெரியறதில்ல. புள்ளைங்களும் இதுலதான் வருதுங்க.”

வழிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலத்துக்கு மட்டும் எடுத்துத் தரலாமே என்று அன்று இரவே யோசித்தேன். உடனே மறுப்பும் மனதில் வந்தது. ஓரத்தைத் திறந்தால் வெயில் விழும், வெயில் விழுந்தால் உண்ணி இன்னும் வேகமாக வரும். பழம் தின்ற கொண்டைக்குருவிகள் விதையைப் போட்டுக்கொண்டே இருக்கும். வருஷா வருஷம் செலவு. அது காட்டு மீட்பு ஆகாது. இதெல்லாம் உண்மை. ஆனால் சுற்றுலா வண்டிகள் போகும் சாலைகளில் இரண்டு பக்கமும் புதரை வெட்டி வைப்பது வழக்கமாக நடக்கிற வேலை. அங்கேயும் வெயில் விழுகிறது, அங்கேயும் வருஷா வருஷம் செலவுதான். அதை நான் எங்கேயும் ஆட்சேபித்து எழுதியதில்லை. வண்டியில் போகிறவர் விலங்கைப் பார்ப்பதற்குச் செய்கிற வேலையை, நடந்து போகிறவர் யானையைப் பார்த்து ஒதுங்குவதற்குச் செய்ய முடியாது என்று எந்த அறிவியலை வைத்துச் சொல்வது?

உள்ளே எடுத்த பகுதிகள் நன்றாக வந்திருக்கின்றன. கட்டம் கட்டமாகக் கயிறு போட்டுப் பார்த்ததில் புல் மூடியிருக்கிறது. உண்ணி நாற்று அங்கங்கேதான், கையாலேயே பிடுங்கிவிடலாம். காட்டெருமைச் சாணமும் கிடந்தது. என் வரிசை தப்பில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த வழியில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதையும் சில சமயம் சான்றாக நினைத்துக்கொள்கிறேன். அது சான்றே இல்லை.

வழிக்குத் தனி நிதி கேட்டு எழுதினேன், கிடைக்கவில்லை. அடுத்த பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒரு பகுதியைப் பட்டியலிலிருந்து அடித்தாக வேண்டும். செடி குறைவாக இருப்பதை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அப்படித் தள்ளிப்போட்டுத்தான் இந்த வழியே இப்படி ஆனது. பட்டியல் கொடுக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. எதை அடிப்பது என்று முடிவு செய்யவில்லை.