வெளிச்சத்தைக் கணக்கிட்டு ஒரு ரயில் பயணம்

சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவை அடுத்துள்ள எமரிவில் வரை செல்லும் ‘கலிபோர்னியா செஃபிர்’ ரயில், ஏறத்தாழ 3,900 கிலோமீட்டரை 50 மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக் கடக்கிறது. முழுத் தூரமும் போய் வந்தவர்கள் அதைச் சாதனையாகவே சொல்வார்கள். எங்களுக்கு வேண்டியிருந்ததோ மலையும் மலையிடுக்குகளும் மட்டுமே. ஆகவே பயணச்சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடம் பகலில் வருகிறது, எது இருட்டில் போய்விடுகிறது என்று பார்த்தோம்.

சிகாகோவில் பிற்பகலில் கிளம்பும் ரயில், சமவெளிகளைப் பெரும்பாலும் இரவில் கடந்து, மறுநாள் காலை எட்டு மணியளவில் டென்வரிலிருந்து ராக்கி மலைத்தொடரில் ஏறத் தொடங்குகிறது. கொலராடோவின் மலையிடுக்குகள் அனைத்தும் அந்தப் பகலுக்குள் வந்துவிடுகின்றன. யூட்டாவின் பெரும்பகுதியும் நெவாடாவும் தூங்கும் நேரத்தில் போய்விட, அடுத்த காலையில் ரீனோவுக்குப் பிறகு சியரா நெவாடா தொடங்குகிறது. டென்வரில் ஏறி எமரிவில்லில் இறங்கினால் இரண்டு மலைத்தொடர்களையும் வெளிச்சத்தில் பார்க்கலாம், செலவாவது ஓர் இரவுதான். சிகாகோவைத் திட்டத்திலிருந்து நீக்கியதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதே கணக்கில்தான். டிசம்பரில், கொலராடோவின் மேற்கில் உள்ள கிராண்ட் ஜங்ஷனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், அதற்கு அப்பால் யூட்டா எல்லையில் வரும் ரூபி கேன்யன் என்ற மலையிடுக்கின் செம்பாறைகள் இருளில் மறைந்துவிடும். செப்டம்பர் கடைசியில் மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கிறது; ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் பருவமும் அதுவே. நடுவில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸில் இறங்கி, 1888 முதல் இருந்துவரும் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் குளிக்கலாம் என்று மனைவி சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே இறங்கினால் அதற்குப் பிறகு வரும் டெபெக் கேன்யனையும் ரூபி கேன்யனையும் மறுநாள் ரயிலுக்குத் தள்ளவேண்டும், படுக்கையறைப் பயணச்சீட்டும் இரண்டாகப் பிரியும் என்பதால் விட்டுவிட்டோம்.

டென்வரை விட்டதும் முதல் ஒரு மணி நேரத்தில் ஒருவரும் அறைக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. மலையடிவாரத்தில் தண்டவாளம் பெரிதாக வளைந்து உயரம் ஏறும் இடத்தில், மணல் நிரப்பிய பழைய சரக்குப் பெட்டிகள் துருப்பிடித்து வரிசையாக நிற்கின்றன. அவை கைவிடப்பட்டவை அல்ல. மலைக்காற்று ரயிலைக் கவிழ்த்துவிடாமல் தடுக்க நிரந்தரமாக நிறுத்தப்பட்ட சுவர். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு சுரங்கங்கள் வருகின்றன. கடைசியாக, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மோஃபட் சுரங்கம். புகை உள்ளே வந்துவிடும் என்பதால், அதற்குள் இருக்கும் பத்து நிமிடமும் பெட்டிகளுக்கு இடையிலான கதவைத் திறந்து நடமாட வேண்டாம் என்று அறிவிப்பார்கள். 1928-இல் இது திறக்கப்படும் வரை ரயில்கள் 11,600 அடிக்கும் மேல் உள்ள ரோலின்ஸ் கணவாயின் பனியோடு போராடின. இந்தப் பாதைக்காகச் செல்வத்தையெல்லாம் கொட்டிய டேவிட் மோஃபட் 1911-லேயே இறந்துவிட்டார்.

சுரங்கத்தைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கொலராடோ ஆறு சேர்ந்துகொள்கிறது; பிறகு யூட்டா வரை பெரும்பாலும் அது விட்டுப் பிரிவதில்லை. பையர்ஸ், கோர், கிளென்வுட் என்று வரும் இடுக்குகளில் என் தேர்வு கோர் கேன்யன்தான். அங்கே சாலையே இல்லை. பாறை, ஆறு, தண்டவாளம் மட்டும். கிளென்வுட்டில் ஆற்றின் எதிர்க்கரையில் 1992-இல் முடிக்கப்பட்ட நெடுஞ்சாலை தூண்களின் மேல் தொங்கியபடி கூடவே வருகிறது. மேற்கே போகும்போது அங்கே ஆறு வலப்பக்கம் இருக்கும். இதை நினைவில் வைத்து இடம் பிடிக்கலாம்.

இடம் பிடிப்பது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கூரை வரை கண்ணாடி வளையும் காட்சிப் பெட்டியில் முன்பதிவு கிடையாது. டென்வரில் ஏறியவுடன் பையை வைத்துவிட்டு நேரே அங்கே போய்விட வேண்டும். இருக்கைப் பயணச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் அங்கே சம உரிமை உண்டு என்பதால், காட்சிக்காக மட்டும் படுக்கையறை எடுக்கத் தேவையில்லை. கால் நீட்டிப் படுப்பதற்காகவும், உணவு அதிலேயே அடங்கியிருப்பதாலும் நாங்கள் எடுத்தோம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு உணவுப் பெட்டியில் தேர்வு குறைவு. முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டது வீண்போகவில்லை.

கட்டணம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் தேதி உறுதியானவுடன் வாங்கிவிடுவது நல்லது. சரக்கு ரயில் நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடும் ரயில் இது. சில மணி நேரத் தாமதம் சாதாரணம். எமரிவில் சேரும் மாலையில் விமானம் எதையும் வைத்துக்கொள்ளாமல், ரயிலோடு இணைந்த பேருந்தில் சான் பிரான்சிஸ்கோ போய் அன்றிரவு தங்குவதாகவே அறை எடுத்தோம்.