தண்ணீர் குளிரக் குளிர: கெண்டைத் தூண்டில் நாட்குறிப்பு

செப்டம்பர் 13

லண்டனுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கு. ஜல்லி தோண்டிய பள்ளங்களில் நீர் ஊறி ஏரிகளாகிவிட்ட இடம். கரையில் இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டாலும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் 17 டிகிரி. மீனுக்கு இது இன்னும் கோடைதான். அதனால் மீன்தூள் பாய்லி (வேகவைத்த இரை உருண்டை), வேகவைத்த ஹெம்ப் விதை, மக்காச்சோளம் எல்லாவற்றையும் தாராளமாகவே தூவினேன். மதியத்துக்குள் 18 பவுண்டு மிரர் கெண்டை, அதாவது அங்கங்கே மட்டும் பெரிய செதில் உள்ள வகை, ஒன்று. நனைத்த மெத்தையில் கிடத்தி, தூண்டில் முள்ளை எடுத்து, உடனே ஏரியில் விட்டாயிற்று.

1952இல் இதே தேதியில்தான் ஹெரஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். இரை ரொட்டிதான். பாய்லியும், இரையை முள்ளில் குத்தாமல் ‘ஹேர்’ என்ற மெல்லிய நூலில் தொங்கவிடும் ஹேர் ரிக்கும் வராத காலம். இலையுதிர் காலம் பெரிய மீனுக்கான காலம் என்று இங்கே பலர் நம்புவதில் அந்த மீனுக்கும் பங்கு உண்டு. அது லண்டன் மிருகக்காட்சிசாலைத் தொட்டியில் 1971 வரை உயிரோடு இருந்தது.

செப்டம்பர் 28

இரவெல்லாம் மழை, தென்மேற்குக் காற்று. இந்த மாதிரி நாளுக்காக வேலைக்கு விடுப்பே எடுக்கலாம். வெதுவெதுப்பான காற்று மேல்நீரையும் அதில் மிதக்கும் தீனியையும் ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும், கெண்டையும் பின்னாலேயே போகும். முகத்தில் காற்று அறையும் கரையில்தான் உட்கார வேண்டும். குளிர்ந்த வடகாற்றோ கீழைக்காற்றோ என்றால் காற்றுக்கு மறைவான பக்கம்.

சேற்றிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. சேற்றுப் புழுக்களை மீன் கிளறித் தின்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு ஓரமாக இரையைப் போட்டேன். நடுவில் தூண்டில் கயிற்றின் ஈயக் குண்டைப் போட்டால் சத்தத்துக்கே கலைந்துவிடும், கெண்டைக்குக் காது நல்ல கூர்மை.

அக்டோபர் 12

இன்று ஏரிக்குப் போகவில்லை, சமையலறையில் பாய்லி செய்யும் வேலைதான். ரவையும் சோயா மாவும் சரிபாதி, கொஞ்சம் பால் பவுடர், பூண்டுத் தூள், ராபின் ரெட். இந்தக் கடைசிப் பொருள் முதலில் பறவைத் தீவனமாக வந்தது, சிவப்பாக, காரமாக இருக்கும். எல்லாவற்றையும் முட்டை விட்டுப் பிசைந்து, உருட்டி, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி உலரவிட்டேன். வேகும்போது மேல்தோல் இறுகுவதால் சின்ன மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது.

விதை, சிறுகிழங்குகளில் மட்டும் யாரும் சோம்பல்படக் கூடாது. மக்காச்சோளம், டைகர் நட் என்ற சிறுகிழங்கு எதுவானாலும் 24 மணி நேரம் ஊறி, அரை மணி நேரமாவது கொதிக்க வேண்டும். காய்ந்தபடியே போட்டால் மீனின் வயிற்றுக்குள் போய் ஊதும். நமக்கு ஒரு மீன் கூடுதலாகக் கிடைப்பதற்காக அதை வதைக்கக் கூடாது.

அக்டோபர் 27

தண்ணீர் 11 டிகிரி. பக்கத்து இடத்தில் ஹாரோவிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அண்ணை. வாளி நிறைய ஹாலிபட் பெல்லட் (மீன் எண்ணெய் நிறைந்த தீவன உருண்டை) கொண்டு வந்திருந்தார்.

"குளிர் வாறதுக்கு முன்னம் நல்லாத் தின்னுமெண்டு சொல்லுறாங்கள், தம்பி."

"அது போன மாசம், அண்ணை. இப்ப எண்ணெய்ப் பெல்லட் வேணாம்."

குளிரில் தேங்காய் எண்ணெய் இறுகுவதுபோல மீன் எண்ணெயும் தடித்துப்போகும், வாசனை தண்ணீரில் பரவாது. தவிர, கெண்டைக்கு இரைப்பை கிடையாது, குடல் மட்டும்தான். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மெதுவாகிவிடும். அது தின்ன முடிந்ததைவிட அதிகம் கொட்டினால், நம் முள்ளில் இருப்பது ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கும். நாள்காட்டியைப் பார்த்து இரை போடுகிறவர்களோடு எனக்கு இருக்கும் சண்டையே இதுதான். தெர்மாமீட்டர் மலிவான பொருள், அதைக் கேட்டுத்தான் வாளியைத் திறக்க வேண்டும்.

வீட்டுப் பாய்லியை நொறுக்கி, ஈரல் சாறு கலந்து, தண்ணீரில் கரையும் பி.வி.ஏ. பையில் ஒரு பிடி மட்டும் கட்டி முள்ளோடு எறிந்தேன். எண்ணெயைப் போலில்லாமல் ஈரல் சாறு குளிர்ந்த நீரிலும் கரைந்து பரவும். அண்ணைக்கும் இரண்டு பை கொடுத்தேன். மூன்று மணி வாக்கில் அவர் கோல்தான் முதலில் வளைந்தது.

நவம்பர் 10

8 டிகிரி. ஏரியின் அடி முழுக்க அழுகிய இலை. ஈயம் அடியைத் தொடும்போது விரலில் 'டொக்' என்று தட்டினால் சுத்தமான ஜல்லித் தரை. அழுத்தமில்லாமல் அமிழ்ந்தால் இலைக் குப்பை, உடனே இழுத்து வேறு இடம் பார்க்க வேண்டும். அழுகல் நாற்றம் ஏறிய இரையைக் கெண்டை சீண்டுவதில்லை. பல தடவை எறிந்த பிறகுதான் ஒரு மேசை அளவு கடினத் தரை கிடைத்தது.

அங்கே மஞ்சள் நிற பாப்-அப் (மிதக்கும் பாய்லி) ஒன்று, அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே மிதக்கும்படி. சுற்றிலும் தூவியது ஒரு கைப்பிடி ஸ்வீட் கார்ன், அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் கெண்டை தேடி அலையாது, கண்ணில் பட்டதை உறிஞ்சிப் பார்க்கும். இரை முள்ளில் குத்தாமல் ஹேரில் தொங்குவதால், பிடிக்காமல் துப்பும்போது வெறும் முள் உதட்டில் மாட்டிக்கொள்ளும். 1980 வாக்கில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் உருவாக்கிய இந்த வழி இந்தப் பருவத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

நான்கரைக்கு இருட்டிவிடுகிறது. கடி வருவதெல்லாம் மதியம் ஒன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவில்தான், இன்றும் அப்படியே: 12 பவுண்டு சாதாக் கெண்டை. அடுத்த வாரம் உறைபனி என்கிறார்கள். பாய்லிப் பை ஃப்ரீசருக்குள் போகிறது, கடையில் அரை லிட்டர் ஈப்புழுவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.