கார்க் கதவுக்கு மோல்டிங் ஒட்டிய அனுபவம்: எந்த உயரம், எவ்வளவு தடிப்பு, எப்படி ஒட்டுவது

மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கடைவரிசைக்கு முன்னால் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கோடு போட்ட இடத்தில் இரண்டு மைவி மாதிரிச் சின்ன கார் நின்றாலே நடுவில் ஆள் இறங்க நெருக்கடிதான். பக்கத்தில் ஒரு பிக்அப் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நடக்கும் மாலையிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் பிள்ளைகள், சாமான் பை, அரிசி மூட்டை என்று எல்லாவற்றோடும் இறங்குவார்கள். கதவு போய் இடித்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. நாம் திரும்பி வந்து பார்க்கும்போது கதவின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும்.

எங்கள் பெஸா, வீட்டுக்கு வந்த முதல் புதுக் கார். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி எங்களை வளர்த்தவர்கள். இடது பின்கதவில் பள்ளம் விழுந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அடுத்த கதவிலும் ஒன்று விழுந்ததும், இதற்கு ஒரு வழி பண்ணியே ஆகவேண்டும், கதவுக்குக் குறுக்கே மோல்டிங் என்னும் காப்புப் பட்டையை ஒட்டவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

காப்புறுதியில் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். இதற்குப் போய் அதைத் தொடக்கூடாது. மலேசியாவில் சொந்தக் காருக்கான என்சிடி, அதாவது காப்புறுதி கோராமல் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடி, முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டு எதுவும் கோராமல் இருந்தால் 55 விழுக்காடு வரை ஏறும். இந்த மாதிரிச் சேதத்துக்கு நம் பாலிசியில் கோரினால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரு சின்னப் பள்ளத்துக்காக அத்தனை ஆண்டுச் சலுகையை விடுவது நட்டக் கணக்கு.

முதலில் இருந்த பள்ளங்களை எடுக்கவேண்டும். மோல்டிங்கை ஒட்டிவிட்டால் அந்த இடத்தில் வேலை செய்வது சிரமம் என்பதால் இதுதான் முதல் வேலை. சாயம் உடையாத பள்ளத்தைப் புதுச் சாயம் அடிக்காமலே எடுத்துவிடலாம். ஈப்போவில் இதை மட்டுமே செய்யும் ஒருவரிடம் போனேன். கதவின் உள்பக்கம் நீளமான வளைந்த கம்பியை விட்டு, வெளியே வரிவரியாக ஒரு விளக்கு வைத்து, அந்த வரி தகட்டில் நேராகத் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். வளைந்த வரி மெல்ல நிமிர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நல்ல கைத்தொழில். சாயம் பெயர்ந்த பள்ளத்துக்கு இது முழுத் தீர்வாகாது. நெம்பிய பிறகு அந்த இடத்தில் சாயம் தொட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் துரு பிடிக்கும்.

கதவும் கதவும் மோதும்போது ஏன் நம்முடையது மட்டும் பள்ளமாகிறது என்று அவரிடமே கேட்டேன். கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புதான். ஆனால் கதவின் ஓரத்தில் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். அங்கே தகடு இரண்டு மூன்று மடிப்பாக இருப்பதால் அது கத்தி முதுகு மாதிரி விறைப்பாக நிற்கும். எதிரே நம் கதவின் நடுப்பகுதி, பின்னால் பெரிய தாங்கல் இல்லாத வெறும் தகடு. ஓரமும் நடுவும் மோதினால் நடுதான் தோற்கும். பக்கத்துக் காரின் ஓரம் நம் தகட்டைத் தொடுவதற்கு முன்னால் வேறு ஏதாவது குறுக்கே நிற்கவேண்டும். மோல்டிங்கின் வேலை அதுதான். அப்பாவின் பழைய வீரா காரில் தொழிற்சாலையிலேயே கதவுக்குக் குறுக்கே தடித்த பட்டை இருந்தது. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் அது கிடையாது.

இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். பளபளவென்று மெல்லிய குரோம் பட்டையை, பார்க்க எடுப்பாக இருக்கும் இடத்தில், பெரும்பாலும் கதவின் அடியில் ஒட்டுகிறார்கள். அது அலங்காரம். பக்கத்துக் கதவு இடிப்பது அங்கே இல்லை. எந்த உயரத்தில் இடிக்கிறது என்பதை நம் காரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நமக்குப் பக்கத்தில் நிற்கும் கார்களைத்தான் பார்க்கவேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க நான் செய்தது இது. பள்ளிப் பிள்ளைகள் வரைவதற்கு வாங்கும் மாஜோங் பேப்பர் ஒரு தாள் எடுத்து, எங்கள் கதவின் மேல் டேப்பால் ஒட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணனின் சாகா காரைச் சமதரையில் அருகே நிறுத்தி, அதன் கதவு ஓரம் முழுக்க மேலிருந்து கீழ்வரை சாக்பீஸ் தேய்த்தோம். அப்புறம் கதவை மெதுவாகத் திறந்து தாளைத் தொடவிட்டோம். சாக்பீஸ் ஓரம் முழுவதும் ஒட்டவில்லை; கதவு வெளியே புடைத்திருக்கும் ஒரே இடத்தில் ஒரு விரலகலக் கோடு மட்டும் விழுந்தது. தெருவில் இருந்த மைவி, ஆக்ஸியா, தங்கையின் கூட்டாளியின் சிட்டி, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி அதேபோலப் பார்த்தோம். கோடுகள் ஒன்றுக்கொன்று அருகருகேதான் விழுந்தன, ஏறக்குறைய தொடை உயரத்தில். ஹைலக்ஸ் பிக்அப்பின் கோடு மட்டும் தனியாக, மேலே. எங்கள் கதவில் முன்பு பள்ளம் விழுந்திருந்த இடங்களும் சின்ன கார்களின் கோடுகளுக்கு நடுவிலேயே இருந்தன. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது தடிப்பு. நீளமான ஸ்கேலை நம் கதவின் மேல் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். கதவு நேர்த்தகடு இல்லை. ஓரிடத்தில் புடைத்து, ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கும். பட்டை ஒட்டப்போகும் இடத்தில் ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் இடைவெளி இருந்தால், பட்டை அந்த இடைவெளியைவிடத் தடிப்பாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பட்டை உள்ளே ஒளிந்துகொள்ளும், புடைப்புதான் இடி வாங்கும். எனக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டியிருந்தது. முதலில் போன கார் உபரிபாகக் கடையில் இருந்ததெல்லாம் மெல்லிய ரகம். “எல்லாம் ஒன்னுதான் தம்பி, துடைச்சிட்டு ஒட்டுங்க, நிக்கும்” என்றார் கடைக்காரர். நான் வாங்கவில்லை. வேறு கடையில் கறுப்பு ரப்பரில் தடித்த பட்டையாக எடுத்தேன். காரின் நிறத்திலேயே சாயம் அடித்த பட்டை அழகுதான், ஆனால் இடி வாங்கினால் அந்தச் சாயமும் பெயரும். கறுப்பு ரப்பரில் கீறல் விழுந்தாலும் கண்ணை உறுத்தாது.

பட்டையோடு வந்த நுரை டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு 3எம் விஎச்பி டேப் வாங்கி மாற்றினேன். இது அக்ரிலிக் நுரையில் செய்தது, வெயில் மழை தாங்கும். ஆனால் எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும், ஒட்டும் இடம் சுத்தமில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. கார் சாயத்தின் மேல் வேக்ஸ், பாலிஷ், கோட்டிங் என்று ஏதாவது ஒரு படலம் இருக்கும். டேப் அந்தப் படலத்தில்தான் ஒட்டும், சாயத்தில் ஒட்டாது. மருந்துக்கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 70 விழுக்காடு என்று எழுதிய புட்டி கிடைக்கும். ஒரு துணியில் அதை நனைத்துத் துடைத்து, அது தானாகக் காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே திரும்பப் படியும். துணியில் கறை வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்தேன். துடைத்த இடத்தை விரலால் தொடவும் கூடாது, கையிலும் எண்ணெய் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் வீட்டுக் கூரைக்குக் கீழே வைத்தே வேலையைத் தொடங்கினோம். நம் ஊர் வெப்பம் இந்த டேப்புக்கு நன்றாகவே ஒத்துவரும். குளிர்நாட்டில்தான் தகட்டைச் சூடாக்கி ஒட்டவேண்டும். ஆனால் வெயிலில் நின்று கை வைக்க முடியாமல் கொதிக்கும் கதவில் ஒட்டாதீர்கள். மத்தியான மழையும் நம்பக்கூடியது இல்லை.

முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை நூல் பிடித்து, அதன் ஓரமாக மாஸ்கிங் டேப் ஒட்டினோம். பிறகு சடக்குக்கு (சாலைக்கு) போய்த் தள்ளி நின்று பார்த்தேன். பக்கத்தில் நேராகத் தெரிந்த கோடு தூரத்திலிருந்து பின்பக்கம் இறங்கித் தெரிந்தது, காரணம் காரின் கீழ்விளிம்பே பின்னால் ஏறிப்போகிறது. சாக்பீஸ் உயரத்தை விடாமல், கண்ணுக்கும் பொருந்துகிற மாதிரி கொஞ்சம் சரி செய்தோம். முன்கதவின் முன்முனையிலும் பின்கதவின் முன்முனையிலும் பட்டையை ஓரம்வரை கொண்டுபோகக் கூடாது. கதவு திறக்கும்போது அந்த முனை உள்பக்கம் திரும்பும், பட்டை பக்கத்துத் தகட்டில் உரசிச் சாயத்தைக் கெடுத்துவிடும். வெறும் பட்டையை மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, கதவை மெல்லத் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் வெட்டினேன். முனைகளைச் சாய்வாக வெட்டினால் துணி மாட்டாது.

ஒட்டும்போது அண்ணன் கூட இருந்தது பெரிய உதவி. தோட்டத்து வொர்க்ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். டேப்பின் மேல்தாளை மொத்தமாக உரிக்காமல், முனையில் விரலளவு உரித்து வெளியே மடித்துவிடச் சொன்னார். இடம் பார்த்து முனையை வைத்தபின் மிச்சத் தாளை இழுத்துக்கொண்டே போகலாம். நான் பட்டை நேராக வரட்டும் என்று லேசாக இழுத்துப் பிடித்ததும் தடுத்தார்.

“இழுக்காத தம்பி. ரப்பர் இழுத்தா வரும், நாளைக்குத் திரும்பப் போயிரும். அப்புறம் முனையிலதான் தூக்கும்.”

வெறுமனே வைத்து, கட்டைவிரலால் பலமாக அழுத்திக்கொண்டே போனோம். இந்த டேப் அழுத்தத்தில்தான் பிடிக்கும். ஒட்டியதும் ஓரளவு பிடித்துக்கொண்டாலும் முழுப் பலம் வர ஏறக்குறைய 72 மணி நேரம் ஆகும். அதுவரை காரைக் கழுவவில்லை, மழையிலும் விடவில்லை. எங்களுடையது உறுதியாக நிற்கிறது. ஒரு பாசார் மாலாம் முடிந்து வந்தபோது பட்டையில் வெள்ளைச் சாயம் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் தேய்த்ததும் போய்விட்டது, தகட்டில் ஒன்றுமில்லை. அப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இது எல்லாவற்றையும் தடுக்காது. பிக்அப் கதவு பட்டைக்கு மேலேதான் இடிக்கும், பேரங்காடித் தள்ளுவண்டியும் மோட்டார் ஹேண்டிலும் எங்கு வேண்டுமானாலும் இடிக்கும். அதனால் வரிசையின் ஓரத்தில் இடம் கிடைத்தால் கொஞ்சம் நடந்தாலும் அங்கேதான் நிறுத்துகிறேன், பிக்அப் பக்கத்தில் நிறுத்துவதில்லை. அடுத்தவர் கார் பள்ளமாகாமல் இருக்க எங்கள் கதவுகளின் ஓரத்திலும் யு வடிவ ரப்பர் போட்டேன். நம் கதவை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதாதல்லவா. தோட்டப் பாதையில் போய்வந்தால் பட்டையின் மேல்விளிம்பில் செம்மண் தங்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவும்போது பழைய பல்துலக்கியால் அந்த இடுக்கைத் தேய்த்துவிடுங்கள்.

பட்டையைக் கழற்ற வேண்டிவந்தால் நெம்பாதீர்கள், சாயம் சேர்ந்து வரும். ஹேர் டிரையரால் சூடாக்கி, பின்னால் தூண்டில் நூலை விட்டு அறுப்பது போல இழுத்தால் நுரை வெட்டுப்பட்டு வந்துவிடும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். அண்ணனின் சாகாவுக்கு ஒட்ட அவர் இப்போது கேட்டிருக்கிறார். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், அவர் கதவில் உள்வாங்கல் எங்களுடையதைவிட அதிகம். நான் வாங்கிய பட்டை அதற்குப் போதாது, இன்னும் தடித்த ரகமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.