ஆர்டி 350: பாயிண்ட் போனது, மேக்னெட்டோ வந்தது

முதல் கிக்கிலேயே பிடிக்கிறது. இரவெல்லாம் மழை ஈரத்தில் நின்ற வண்டி, சோக்கை இழுத்துவிட்டு ஒரே உதை, அவ்வளவுதான். யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவமான ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். திறந்து மூடிப் பொறியைத் தூண்டும் பாயிண்ட் செட், அதன் கண்டன்சர், பிரஷ் போட்ட பழைய ஆல்டர்னேட்டர், மெக்கானிக்கல் ரெகுலேட்டர் எல்லாம் வெளியே வந்துவிட்டன. அந்த இடத்தில் பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோ கிட் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தேன். வேலை இன்னும் முழுசாக முடியவில்லை, சாவி சுவிட்ச் பாக்கி. ஆனாலும் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைத்த விவரத்தை இப்போதே எழுதிவிடுகிறேன். இந்த கிட்டில் எல்லாமே அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

பாயிண்ட் கெட்ட சாமான் என்று நான் சொல்லவே மாட்டேன். சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட், ஒரு கண்டன்சர், ஒரு காயில் என்று தனித்தனியாக வைத்தது யமஹாவின் நல்ல யோசனை. ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கத்தில் நொண்டிக்கொண்டே வீடு வந்து சேரலாம். பிரச்சினை இப்போது கடைகளில் கிடைக்கும் பாயிண்ட்டில். கேமில் உரசும் அந்த ஃபைபர் குதிகால் மெழுகு மாதிரி தேய்கிறது. குதிகால் தேய்ந்தால் பாயிண்ட்டின் இடைவெளியான கேப் குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னுக்குப் போகும். அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேயாது. 0.35 மி.மீ. வைத்து ஓட்டினால் கொஞ்ச நாளில் ஒரு சிலிண்டர் சோம்பலாகிவிடும், ஒரு சைலன்சரில் மட்டும் எண்ணெய் வடியும். கண்டன்சரோ சூடேறியதும் கைவிட்டுவிடும். புதிது என்று கவரில் போட்டுத் தருவதை நம்பி நெடுஞ்சாலையில் நின்றவர்கள் நிறையப் பேர். நல்ல பழைய சரக்கு கையில் இருப்பவர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கிடைக்கவில்லை, அதனால் மாறினேன்.

சரி, வேலைக்கு வருவோம். ஆர்டியின் டைமிங் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம்) முன்னால் 2.0 மி.மீ. வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் அட்வான்ஸ் மெக்கானிசம் எதுவும் கிடையாது, ஐடிலிலும் அதே அளவு, ஏழாயிரம் ஆர்பிஎம்மிலும் அதே அளவு. பிஸ்டன் ஏறி இறங்கும் 54 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அந்த 2.0 மி.மீ. கிராங்க் சுற்றில் ஏறக்குறைய 20 டிகிரிக்குச் சமம். அந்த இடத்தில் பிஸ்டன் 0.1 மி.மீ. நகர்ந்தால் டைமிங் அரை டிகிரி நகரும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிட்டில் வந்த ரோட்டரில், அதாவது கிராங்கோடு சுற்றும் சக்கரத்தில், கீ வழி கிடையாது. கிராங்கில் இருக்கும் உட்ரஃப் கீ என்ற சின்ன உலோகத் துண்டைப் பிடுங்கிவிட்டு, வெறும் டேப்பரின் (கிராங்கின் கூம்பு முனை) பிடிமானத்தில்தான் ரோட்டர் நிற்க வேண்டும். முதல் முறை படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் டேப்பர் சுத்தமாக இருந்தால் கீ தேவையே இல்லை. கீயின் வேலை ரோட்டர் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுவது, சுமையைத் தாங்குவது எப்போதுமே டேப்பர்தான். அதனால் கொஞ்சம் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரோட்டரைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பித் தேய்த்தேன். கிராங்கிலும் ரோட்டரின் உள்ளேயும் சாம்பல் நிறம் சுற்றிலும் ஒரே சீராக வரும்வரை தேய்க்க வேண்டும். பேஸ்ட் பேரிங் பக்கம் போகாதபடி எண்ணெய் சீலை ஒட்டித் துணியைச் சுற்றிக்கொள்வது அவசியம். அப்புறம் தின்னரில் துடைத்து, மறுபடி துடைத்து, கைரேகை எண்ணெய்கூட இல்லாமல் காயவிட்டேன். டேப்பரில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் ரோட்டர் நழுவும்.

அடுத்து, பிஸ்டன் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் டயல் கேஜ். பிளக் துளையில் மாட்டும் அடாப்டர் புதுப்பேட்டையில் ஒரு லேத் கடையில் பித்தளையில் கடைந்து வாங்கியது, அருமையான வேலை. கேஜின் தண்டு துளைக்கு நடுவில் நேராக இறங்க வேண்டும். சாய்ந்து நின்றால் அது காட்டும் 2.0 உண்மையான 2.0 இல்லை. முள் திரும்பும் இடத்தில் பூஜ்யம் வைத்து, கிராங்கைப் பின்னோக்கி 3 மி.மீ. அளவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாக வந்து 2.0-வில் நிறுத்தினேன். எப்போதும் ஓடும் திசையிலிருந்தே வந்து நிறுத்துங்கள். பேரிங்கிலும் கேஜிலும் இருக்கும் தொய்வு அப்போதுதான் கணக்கில் வராமல் போகும்.

இனிமேல்தான் சிக்கல். பிஸ்டன் 2.0-வில் நிற்கிறது. ரோட்டரின் குறியை, சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர் தட்டின் குறியோடு பொருத்தி டேப்பரில் ஏற்ற வேண்டும். ரோட்டருக்குள் இருப்பது காந்தம். அது தனக்குப் பிடித்த இடத்துக்கு இழுக்கும், நாம் வைத்த இடத்தில் நிற்காது. கிராங்கும் கூடவே அசைந்துவிடும். இதற்கு நான் கண்ட வழி: பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை ரோட்டரின் மையத்தில் வைத்து, குறிகள் நேராக இருக்கும்போதே உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு. டேப்பர் கவ்விக்கொள்ளும். சுத்தியல் எடுக்கவே கூடாது, காந்தம் விரிசல் விட்டால் கிட் போச்சு. கவ்வியதும் நட்டை விரலால் மட்டும் ஏற்றி, கேஜைப் பார்க்க வேண்டும். 2.0-வில் இருந்து முள் நகர்ந்திருந்தால் புல்லர் போட்டுக் கழற்றி மறுபடி முதலிலிருந்து. சரியாக இருந்தால் பெல்ட் ஸ்பேனரால் ரோட்டரைப் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சில் இறுக்கலாம். கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்து இறுக்குபவர்கள் உண்டு. செயின் தொய்வு, கிளட்ச், கியர் பல் என்று வழியில் எத்தனை இடத்தில் ஆட்டம் இருக்கிறது! பெல்ட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

இறுக்கிய பிறகும் ஒருமுறை அளந்தேன். இடது சிலிண்டரில் 2.0 அப்படியே நின்றது. அந்தச் சந்தோஷத்தோடு வலது சிலிண்டருக்கு கேஜை மாற்றினேன். கோணம் காட்டும் டிகிரி தட்டில் சரியாக 180 டிகிரி சுற்றி நிறுத்திப் பார்த்தால் 1.9.

இதுதான் எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய பாடம். ஆர்டியின் கிராங்க் துண்டு துண்டாகப் பிரஸ் செய்து கூட்டியது. காலப்போக்கில், முக்கியமாக ஒருமுறையாவது இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால், நடு இணைப்பில் லேசாக முறுக்கிக்கொள்ளும். இரண்டு கிராங்க் பின்னும் 180 டிகிரி எதிரெதிராக இருக்க வேண்டியவை 179.5 ஆகிவிடும். பாயிண்ட் இருந்த காலத்தில் இது கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக டைமிங் வைப்போம். ஒரு பாயிண்ட்டைப் பெரிய தட்டை நகர்த்தி வைத்து, அடுத்ததை அதன் சின்னத் தட்டில் சரிசெய்யும்போது கிராங்கின் முறுக்கையும் நமக்குத் தெரியாமலே ஈடுகட்டிவிடுவோம். எனக்கு வந்த கிட்டில் இரண்டு பிளக்கும் ஒரே காயிலில். அரைச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து பொறி விடும். ஒன்று வேலை செய்யும், கீழே நிற்கும் பிஸ்டன் மேல் விழும் மற்றது வீண் பொறி, அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வழியில்லை. கிராங்க் எப்படியோ டைமிங் அப்படி.

அரை டிகிரி வித்தியாசத்தோடு தாராளமாக ஓட்டலாம். ஒரு விதி மட்டும்: இரண்டில் எது முன்னால் இருக்கிறதோ அது 2.0-வைத் தாண்டக் கூடாது, பின்தங்கியது 1.9-இல் இருந்துவிட்டுப் போகட்டும். சராசரி பார்த்து ஒன்றை 2.05, மற்றதை 1.95 என்று வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அட்வான்ஸ் அதிகமானால்தான் நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கொஞ்சம் பின்தங்கினால் சைலன்சர் சூடாகும், அவ்வளவே. என்னுடையதில் முன்னால் நிற்பது இடதுதான், அதனால் ரோட்டரைத் தொடவில்லை. உங்களுடையதில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அதாவது 0.2 மி.மீ. தாண்டினால், கிட் போடுவதை நிறுத்திவிட்டு முதலில் கிராங்க் வேலையைப் பாருங்கள். கிட் வாங்கும் முன்பே பழைய பாயிண்ட்டோடு இருக்கும்போதே இந்த அளவை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

டைமிங் லைட் பிடித்துப் பார்த்தபோது குறி கல்லில் பொறித்ததுபோல் நின்றது. பாயிண்ட் இருந்தபோது அதே குறி ஆர்பிஎம் ஏற ஏற நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஓட்டத்தில் என்ன மாற்றம் என்று கேட்பீர்கள். பவர் கூடவில்லை. கூடும் என்று சொல்பவர்களின் முந்தைய டைமிங் எங்கோ இருந்திருக்கும். ஹெச்டி (ஹை டார்க்) மாடலின் 30.5 பிஹெச்பி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாறியது நிறைய. 3,000 ஆர்பிஎம்மில் சீராகப் பிடித்துப் போகும்போது வரும் தடுமாற்றம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. போக்குவரத்தில் ஊர்ந்துவிட்டு திடீரென்று திருகினால் பிளக் அடைத்துக்கொள்வதில்லை, 6,000-ஐத் தொடும்போது வரும் அந்த இழுப்பு சுத்தமாக வருகிறது. சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்குவதில்லை. பிளக் பழைய பி8ஹெச்எஸ்தான், கேப் 0.6 மி.மீ. தொப்பி மட்டும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளது. ரெசிஸ்டர் பிளக்கையும் ரெசிஸ்டர் தொப்பியையும் சேர்த்துப் போடாதீர்கள்.

இப்போது பாக்கி இருக்கும் சாவி விவகாரம். ஆர்டியின் சுவிட்ச் ஆன் செய்தால் காயிலுக்குக் கரண்ட் போகும். மேக்னெட்டோவில் தலைகீழ்: நிறுத்துவதற்குத்தான் ஒயரை எர்த்தில் சேர்க்க வேண்டும். ஹேண்டிலில் ஒரு கில் பட்டன் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சாவியைத் திருப்பினால் வண்டி நிற்காது. கரண்ட் கொடுத்தால் மாறும் சுவிட்சான ரிலே போடச் சொல்கிறார்கள். சாவி ஆன் ஆனால் ரிலே எர்த்தைப் பிரிக்கும், நல்ல யோசனைதான். ஆனால் ரிலேயை இழுக்கப் பேட்டரி வேண்டும். பேட்டரி செத்த அன்று பொறியும் வராது என்றால் இவ்வளவு செலவு செய்து பேட்டரியிலிருந்து விடுபட்டது எதற்கு? அதனால் ரிலே வேண்டாம் என்று முடிவு. ஆர்எக்ஸ் 100-இன் சுவிட்ச் எர்த் செய்து அணைக்கும் வகை. அதன் உள் கட்டையை ஆர்டியின் கூட்டுக்குள் பொருத்த முடியுமா என்று பார்க்க, நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வெளிச்சந்தைப் புதியதை விடப் பழைய வண்டியில் கழற்றியது பரவாயில்லை, காண்டாக்ட் தகடு தடிமனாக இருக்கும்.

அதற்கிடையில் மனம் முன் பிரேக்கில் போய் நிற்கிறது. ஜப்பான் ஆர்டிக்கு டிஸ்க் இருந்தது, நமக்கு வந்தது டிரம். டிஸ்க்குக்கு மாற்ற எனக்கு ஆசையில்லை. இந்த ட்வின் லீடிங் ஷூ வகை டிரம் பிரேக்குக்கு லைனிங் மாற்றி, டிரம்மோடு சேர்த்து லேத்தில் கடைந்து, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியை வைத்தால் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் வழியில் இருக்கும் ரீட் வால்வின் இதழ்களையும் ஃபைபருக்கு மாற்றும் எண்ணம் இருக்கிறது. சாவி முடிந்த பிறகு அதைத் தொடுவேன். ஆர்எக்ஸ் சுவிட்ச் கட்டையை ஆர்டி கூட்டில் ஏற்கெனவே பொருத்தியவர்கள் யாராவது இருந்தால், பூட்டின் நாக்கை எவ்வளவு அரைத்தீர்கள் என்று அளவு சொல்லுங்கள்.