வலை இழுப்புக்கு முன் மீன் தீவனத்தில் வைட்டமின் சி, ஈ

வலை இழுப்பு, தரம் பிரிப்பு, வண்டிப் பயணம் எல்லாமே மீனின் செல்களை அரிக்கும் ஆக்சிஜன் வினைப்பொருட்களைப் பெருக்குகின்றன. அவற்றை அடக்க உதவும் வைட்டமின் சியைக் கெண்டையும் திலேப்பியாவும் போதுமான அளவு தாமாகத் தயாரித்துக்கொள்வதில்லை, தீவனத்தில்தான் வரவேண்டும். குறைந்தால் முதுகெலும்பு வளையும், காயம் ஆறத் தாமதமாகும்.

பலர் சாதாரண அஸ்கார்பிக் அமிலத்தை வாங்கிக் கலக்கிறார்கள். பணம் வீண் என்றே சொல்வேன். சூட்டிலும் ஈரத்திலும் அது சிதையும், மிச்சம் தண்ணீரில் கரைந்து போகும். பாஸ்பேட் சேர்ந்த வடிவத்தையே வாங்குங்கள். பையில் வைட்டமின் சி 35% என்றிருந்தால், ஒரு கிலோ தீவனத்துக்கு 300 மி.கி. வைட்டமின் கிடைக்க 860 மி.கி. தூள் வேண்டும், 50 கிலோ மூட்டைக்கு 43 கிராம். நன்கு ஆறிய நீர்த்த கஞ்சியில் கரைத்துத் தீவனத்தில் தெளித்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் செய்த வேலை கெடும்.

வைட்டமின் ஈ கிலோவுக்கு 100 மி.கி.; 50% தூளென்றால் மூட்டைக்கு 10 கிராம். கொழுப்பு கெடும்போது தன்னை இழந்து காப்பது ஈ, அதை மீட்டுத் தருவது சி. அதனால் இரண்டும் சேர்ந்தே போகட்டும். காறல் வாடை அடிக்கும் மீன் எண்ணெய் ஈ முழுவதையும் தின்றுவிடும்; அதை ஊற்றவே வேண்டாம்.

இதே காப்புக்கு உதவும் தாதுவான செலினியத்தைக் கைக்கணக்கில் சேர்க்காதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு.

பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, கடைசி ஒரு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். விடியலில் ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மி.கி.க்குக் கீழே இருந்தால் முதலில் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட்டுங்கள்.