மத இதழ் ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: இதுவரை செய்து பார்த்தது

ஆன்மிக இதழ்களுக்கும் சமய இதழ்களுக்கும் எழுத வேண்டுமென்பது எனக்கு நெடுநாளைய ஆசை. வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்ச காலமாகக் கட்டுரையைவிட அதற்கு முன்னால் போகும் கடிதத்தோடுதான் அதிகம் உட்கார்ந்திருக்கிறேன். க்வெரி கடிதம் என்பார்கள். ‘இப்படியொரு கட்டுரை மனதில் இருக்கிறது, உங்கள் இதழுக்கு ஆகுமா?’ என்று ஆசிரியரைக் கேட்கும் ஒரே ஒரு பக்கம். அதில் எதுவரை வந்திருக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன், இதே வழியில் வருகிறவர்களுக்கு உதவும்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கடிதம் தேவைப்படாது. கவிதை, தினதியானம், சின்ன அனுபவக் குறிப்பு என்றால் பெரும்பாலான இதழ்கள் முழுப் படைப்பையே கேட்கின்றன. ஆசிரியர் அதைப் படித்து முடிக்கவே இரண்டு நிமிடம்தான் ஆகும். நீண்ட கட்டுரை, நேர்காணல், தொடர் என்றால்தான் கடிதத்துக்கு வேலை. எழுதுபவர்களுக்கான விதிமுறைகளை இதழ்கள் தனியாகவே வெளியிடுகின்றன. அங்கே ‘முழுப் படைப்பு மட்டும்’ என்றிருந்தால் கடிதம் அனுப்புவதில் பயனில்லை.

நான் எடுத்துக்கொண்ட பொருள் துக்கம். நெருங்கிய ஒருவரை இழந்தபின் ஜெபிக்கவே வராமல் போகிறவர்களுக்காக, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 88-ஆம் சங்கீதத்தை வைத்து ஒரு கட்டுரை. புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். ‘எதுவரைக்கும்’ என்று கேட்டுத் தொடங்கி, கடைசி இரண்டு வசனத்தில் களிகூருதலுக்கு வந்துவிடுகிறது. 88 அப்படித் திரும்புவதில்லை. நண்பர்களும் விலகிப்போன நிலையிலேயே அது நின்றுவிடுகிறது.

கடிதத்தின் முதல் பத்தியைப் பலமுறை மாற்றி எழுதினேன். சங்கீதங்களின் அமைப்பைப் பற்றித் தொடங்கும் ஒரு வடிவம், துக்கம் எவ்வளவு கொடியது என்று தொடங்கும் இன்னொன்று. இரண்டும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடியவை, அதனாலேயே எனக்கு நிறைவு தரவில்லை. இப்போது இப்படி நிற்கிறது:

‘துக்கத்தில் இருப்பவரிடம் ஜெபியுங்கள், ஆறுதல் வரும் என்கிறோம். வந்தபாடில்லை என்றால் தன் விசுவாசத்தில்தான் குறை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். ஆறுதல் வராமலே முடியும் ஒரு ஜெபம் வேதாகமத்திலேயே இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தைத் துக்க வீட்டில் எப்படி வாசிக்கலாம் என்று, உடனிருந்து தேற்றுகிற வாசகர்களுக்காக 1,200 சொற்களில் எழுத விரும்புகிறேன்.’

இதில் நான் கவனித்தது ஒன்றுதான்: கட்டுரையைப் படித்து முடித்த வாசகர் கையில் என்ன இருக்கும் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். மத இதழ் ஆசிரியருக்குப் பிரசங்கங்கள் ஏராளமாக வரும். 88-ஆம் சங்கீதத்தின் பொருள் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கலாம். தன் வாசகரில் யாருக்கு இது தேவை, எந்த நேரத்தில் தேவை என்பதைத்தான் அவர் தேடுகிறார். ‘உடனிருந்து தேற்றுகிறவர்கள்’ என்ற சொற்கள் சேர்ந்த பிறகுதான் கடிதம் எனக்கே பிடித்தது.

அந்தச் சொற்கள் சும்மா வரவில்லை. கடிதம் அனுப்ப நினைத்த இதழின் பழைய பிரதிகளை எடுத்து வாசகர் கடிதங்களை முதலில் படித்தேன். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள், ஜெபக் குழு நடத்துகிறவர்கள்தான் அதிகம் எழுதியிருந்தார்கள். கட்டுரைகளைவிட அந்தப் பக்கம் எனக்கு அதிகம் சொன்னது. அப்புறம், எந்தச் சபை சார்ந்த இதழ் என்பதும் முக்கியம். சீர்திருத்தச் சபை இதழுக்குச் ‘சங்கீதம்’ என்று எழுதியதைக் கத்தோலிக்க இதழுக்குத் ‘திருப்பாடல்’ என்றே எழுத வேண்டும். எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுக்கிறேன் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். புதிய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால் ஆசிரியர்கள் அதைக் கேட்பார்கள்.

இதழுக்கு இதழ் எதிர்பார்ப்பு வெகுவாக மாறுகிறது. அமெரிக்கப் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் 1945-ல் தொடங்கிய ‘கைட்போஸ்ட்ஸ்’ இதழ், ‘நான்’ என்று தன்மையில் சொல்லும் உண்மைக் கதைகளுக்குப் பெயர்பெற்றது. சொல்பவருக்குள் என்ன மாறியது என்பதுதான் அங்கே உயிர். அப்படிப்பட்ட இதழுக்கு என் சங்கீதக் கட்டுரை ஆகாது. ஒருவருடைய துக்க அனுபவமாக அதை வேறு விதத்தில் யோசிக்க வேண்டும். 1896-ல் தொடங்கிய, ராமகிருஷ்ண மடத்தின் ‘பிரபுத்த பாரதா’ போன்ற தத்துவ இதழுக்கு என்றால், எந்த மூலநூலை எந்த உரையோடு படித்தேன் என்று காட்டுவதற்கே கடிதத்தில் இடம் ஒதுக்குவேன்.

என்னைப் பற்றிய பத்தி மூன்று வரிக்கு மேல் போவதில்லை. பொருளோடு எனக்கிருக்கும் தொடர்பு, முன்பு வெளிவந்த எழுத்து, அவ்வளவுதான். ‘இதை எழுதச் சொல்லிக் கடவுளே ஏவினார்’ என்ற வரியை வைப்பதில்லை. அந்த ஏவுதல் உண்மையாகவே இருக்கட்டும், நான் அதை மதிக்கிறேன். ஆனால் கடிதத்தில் எழுதினால் மறுக்கிற ஆசிரியர் கடவுளையே மறுத்தவராகிவிடுகிறார். அந்த இக்கட்டில் அவரை நிறுத்துவது நியாயமாகப் படவில்லை.

பண்டிகை, நோன்புக் காலக் கட்டுரை என்றால் காலக்கணக்கு வேறு. குறைந்தது ஆறு மாதம் முன்னால் கேட்கிற இதழ்கள் பல, ஒரு வருடம் முன்னால் கேட்பவையும் உண்டு. 2027-ல் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 28, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. பிப்ரவரி இதழுக்கான தவக்காலக் கட்டுரை 2026 ஆகஸ்டில் ஆசிரியர் கையில் இருக்க வேண்டுமென்றால், கடிதம் ஏப்ரல், மே மாதத்திலேயே போக வேண்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் போன வருடத் தேதியை வைத்துத் திட்டமிட முடியாது. நான் இப்போது தேதிகளைத் தேடி எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்கெனவே வேறிடத்தில் வந்த கட்டுரை என்றால் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். வாசகர் வட்டம் வேறு வேறு என்பதால் மறுபிரசுரத்தை ஏற்கும் மத இதழ்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பியிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

சரி, பலன் என்ன? சில இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓரிடத்திலிருந்து ‘எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று வந்தது. பிரசுரிப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை, படிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதற்கே மனம் நிறைந்து போனது. தேற்றுகிறவர்கள் துக்க வீட்டில் சொல்லாமல் விடவேண்டிய வார்த்தைகளைத் தனிப் பெட்டியாகத் தர முடியுமா என்றும் ஆசிரியர் கேட்டிருக்கிறார். என் வாசகரை அவரும் அதே இடத்தில் பார்க்கிறார் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது.

கட்டுரை பாதி முடிந்திருக்கிறது. பெட்டிச் செய்தியை எழுதத் தொடங்கவில்லை. அடுத்து ஒரு நேர்காணலுக்கான கடிதம் எழுதப் பார்க்கிறேன். அதற்கு, பேசப்போகிறவரின் சம்மதத்தை முதலில் வாங்கிவிட்டுத்தான் ஆசிரியருக்கு எழுத வேண்டும்.