பாக்கி நிற்கும் சைல்டு சப்போர்ட்டை வரி ரீஃபண்டிலிருந்து வாங்கும் வழி

அமெரிக்காவில் சைல்டு சப்போர்ட்டை, அதாவது பிரிந்திருக்கும் தாயோ தந்தையோ பிள்ளைக்காகக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையை, கட்டாதவரின் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமென்றால், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது தெரிய வேண்டும். வரி ரீஃபண்டைப் பிடிக்க அது தேவையில்லை. அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து, அதில் ரீஃபண்டு வந்தால் போதும். சம்பளப் பிடித்தத்துக்கு 50 முதல் 65 சதவீதம் வரை என்ற உச்சவரம்பு உண்டு. ரீஃபண்டுக்கு அந்தத் தடையும் கிடையாது. பாக்கி எவ்வளவோ அவ்வளவையும் எடுக்கலாம். மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கே அவர் வரி பாக்கி வைத்திருந்தால் மட்டும் அது முதலில் கழியும்.

நீங்களோ உங்கள் வக்கீலோ ஐஆர்எஸ்ஸுக்கு எழுதி இதைச் செய்ய முடியாது. மாநிலத்தின் சைல்டு சப்போர்ட் அலுவலகம்தான் பெயரை அனுப்ப முடியும். கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டோம், தானாக நடக்கும் என்று பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இங்கேதான். இந்த அலுவலகம் நடத்தும் டைட்டில் ஃபோர்-டி என்ற வசூல் திட்டத்தின் கீழ் கேஸ் திறந்திருந்தால் மட்டுமே ரீஃபண்டு பிடிபடும். டானஃப் என்ற அரசு நிதியுதவி வாங்கியவர்களுக்கு அந்த கேஸ் தானாகவே திறந்திருக்கும். மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் அதிகபட்சம் 25 டாலர்.

விண்ணப்பத்தோடு உத்தரவின் சான்றிட்ட நகல், கட்ட வேண்டியவரின் முழுப்பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், மாதவாரியான வரவுக் கணக்கு ஆகியவை வேண்டும். இவற்றில் கணக்குதான் உயிர். எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று மூன்று பத்தியாகப் போடுங்கள். அவர் ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் செயலி வழியாகவோ ரொக்கமாகவோ நேரடியாகக் கொடுத்ததையும் விடாமல் எழுதுங்கள். விட்டுவிட்டால் அவர் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வந்து நிற்பார். தொகை குறையும், அதைவிட முக்கியமாக உங்கள் கணக்கின் மேலேயே அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். நம்மவர்களில் சிலர் ஊரிலிருக்கும் உறவினர் மூலம் பணம் கைமாற்றுவதுண்டு. அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். அதைக் கழிக்கலாமா கூடாதா என்று அலுவலகம் முடிவு செய்யட்டும்.

பாக்கி எவ்வளவு இருந்தால் பெயர் போகும்? நீங்கள் டானஃப் உதவித்தொகை வாங்கியதால் மாநிலத்துக்குச் சேர வேண்டிய பாக்கியென்றால் 150 டாலர். குடும்பத்துக்கே சேர வேண்டியதென்றால் 500 டாலர். பிள்ளைக்கு 18 வயது தாண்டிவிட்டாலும் பழைய பாக்கிக்கு இது செல்லும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்த வயதுத் தடையை எடுத்துவிட்டது. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அவருடைய அமெரிக்க பாஸ்போர்ட்டும் சிக்கும். அடிக்கடி வெளிநாடு போகிறவரிடம் ரீஃபண்டைவிட அதுதான் வேகமாக வேலை செய்யும்.

பெயர் போவதற்கு முன் அவருக்கு நோட்டீஸ் போகும். நான் அந்த ஆள் இல்லை, அல்லது தொகை தப்பு என்றுதான் அவர் ஆட்சேபிக்க முடியும். பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பது இங்கே எடுபடாது. பாக்கியைத் தவணையில் ஒழுங்காகக் கட்டி வருகிறேன் என்றாலும் ரீஃபண்டு பொதுவாகத் தப்பாது. ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் பாக்கி தீரும் வரை பெயர் நிற்கும். ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சீசன் தொடங்குமுன், டிசம்பரிலேயே, பெயர் ரீஃபண்டைப் பிடிக்கும் மத்தியக் கருவூலத்துக்குப் போயிருக்கிறதா, எந்தத் தொகையில் போயிருக்கிறது என்ற இரண்டையும் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிடித்த பணம் மாநிலத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். அவர் தனியாக ரிட்டர்ன் போட்டிருந்தால் அதன்பின் பெரிய தாமதம் இருக்காது. மறுமணம் செய்து புது மனைவியோடு அல்லது கணவரோடு சேர்ந்து போட்டிருந்தால்தான் இழுவை. இந்தக் கடனில் சம்பந்தமில்லாத அந்தத் துணை, படிவம் 8379 கொடுத்துத் தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். அதற்காக மாநிலம் ஆறு மாதம் வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். அந்தப் பங்கு முன்பே தீர்க்கப்பட்டுவிட்டால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். எனவே கேஸ் பார்க்கிறவரிடம் கூட்டு ரிட்டர்னா என்று முதலில் கேளுங்கள். பணம் வந்துவிட்டது, ஆனால் கையில் வரவில்லை என்ற புகாருக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

வந்த தொகை முழுவதும் உங்களுக்கே என்றும் நினைத்துவிடாதீர்கள். பாக்கி 6,200 டாலர், அதில் நீங்கள் உதவி வாங்கிய காலத்துக்காக மாநிலத்துக்குச் சேர வேண்டியது 1,400, பிடிபட்ட ரீஃபண்டு 3,900 என்று வையுங்கள். பழைய முறையைப் பின்பற்றும் மாநிலத்தில் 1,400 முதலில் அரசுக்குப் போய், உங்களுக்கு 2,500 வரும். குடும்பத்துக்கே முதலில் என்ற முறையைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தில் 3,900-ம் உங்களுக்கு. உதவியே வாங்காதவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. சில மாநிலங்கள் பிடித்தத்துக்கான சிறு கட்டணத்தைக் கழிக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மசியாதவர்களும் உண்டு. ரிட்டர்னே போடாதவர், ரொக்கத்தில் சம்பாதிப்பவர், கம்பெனியில் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி வரிப் பிடித்தத்தைக் குறைத்து ரீஃபண்டே வராமல் செய்துகொள்பவர். கடைசி ரகத்தின் பணம் சம்பளத்தில்தான் இருக்கிறது; சம்பளப் பிடித்த உத்தரவை அலுவலகத்தில் கேளுங்கள். மாநில வருமான வரி உள்ள இடங்களில் அந்த ரீஃபண்டையும் தனியாகப் பிடிக்கலாம்.

இன்னொன்று, கூட்டு ரிட்டர்னிலிருந்து பணம் வந்தால் உடனே எல்லாவற்றையும் செலவழிக்க வேண்டாம். ரிட்டர்ன் பின்னால் திருத்தப்பட்டாலோ, துணையின் உரிமைக்கோரல் தாமதமாக ஏற்கப்பட்டாலோ, ஐஆர்எஸ் தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்; இதற்குப் பல ஆண்டு அவகாசம் அதற்கு உண்டு. அப்படி நேர்ந்தால் மாநிலம் உங்களிடம் கடிதம் மூலம் கேட்கும். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால், இனி வரும் பாக்கி வசூலிலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.